காயாத சிரட்டை

அந்தக் கள்ளுக்கடையின் சுவரில் நாற்பத்தோரு ஆணிகள் இருந்தன. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கும். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், அடியில் ஒவ்வொருவரும் கத்தியால் ஓர் அடையாளம் கீறியிருப்பார்கள். மீன், ஏணி, இரண்டு கோடு, பாதி நிலா. வருகிறவன் தன் சிரட்டையை எடுத்துக் குடிப்பான். குடித்து முடித்ததும் விஜயகுமாரி அதைக் கழுவி அவனவன் ஆணியில் மாட்டுவாள். ஒருவன் சிரட்டையில் இன்னொருவன் குடிப்பதில்லை. அது அவளுடைய மாமனார் இராமையா இந்தக் கடையைத் தொடங்கிய நாளில் வைத்த சட்டம். பர்மாவில் தன்லின் நகருக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கிராமத்தில் பேச்சு முற்றி அடிதடி வரைக்கும் போன நாட்களில்கூட அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. வெளியூருக்கு நெடுநாள் போகிறவனின் சிரட்டையை ஆணியில் விடக்கூடாது. காளியம்மன் படத்துக்குக் கீழே இருக்கும் பலகையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அவன் திரும்பி வந்த அன்று கடைக்காரர் வீட்டுப் பெண் அதை எடுத்து நிமிர்த்தி, முதல் கள்ளை ஊற்றிக் கொடுப்பாள். இந்த இரண்டு வருடத்தில் பலகையில் நான்கு சிரட்டைகள் சேர்ந்திருந்தன. நாலும் வாலிபப் பிள்ளைகளுடையவை. அதில் ஒன்று விஜயகுமாரியின் புருஷன் சிவராஜுடையது. அடியில் ஒரு கொக்கு கீறியிருக்கும். கொக்கென்று அவன்தான் சொல்வான். பார்க்கிறவர்களுக்கு அது குடை.

படைக்கு ஆள் எடுக்கப் பேர் குலுக்கியபோது சிவராஜின் பேர் விழுந்தது. மறுநாளே அவன் தாய்லாந்து எல்லைப் பக்கம் கிளம்பிப் போனான். ஐந்து மாதம் அங்கேயும் இங்கேயும் அலைந்து, வழி அடைபட்டு, எட்டு நாளைக்கு முன்னால் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். ஊருக்கு அது தெரியாது. கடைக்குப் பின்னால் கள் இறக்கி வைக்கும் இருட்டறையில், த்வாண்டே ஊர்ச் சூளைகளிலிருந்து வந்த பெரிய ஜாடிகள் இரண்டடுக்காக நிற்கும். ஜாடிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். அங்கேதான் அவன் பகலெல்லாம் இருந்தான். சோதனைக்காரர்கள் வழக்கமாக விளக்கு வைத்த பிறகுதான் வீடு வீடாக வருவார்கள். அதனால் பகல் என்றால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

அன்றைக்கு அவர்களுடைய கல்யாண நாள். ஆறு வருடம். மத்தியானம் சோறு கொண்டுபோனபோது அவன் ஜாடிகளுக்கிடையிலிருந்து சிரித்தான்.

"குமாரி, இன்னைக்காவது என் கொக்குல ஒரு வாய் குடுப்பியா? திரும்பி வந்து எட்டு நாளாச்சு. கடைச் சட்டம் எனக்கு மட்டும் இல்லையா?"

"மெதுவாப் பேசுங்க. குடை பிடிக்கிற கொக்குக்கு இப்ப என்ன அவசரம்?"

சொன்னாளே தவிர, மனசு கேட்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பலகையிலிருந்து அவன் சிரட்டையை நிமிர்த்தி எடுத்தாள். காலையில் இறக்கிய கள் வெயிலுக்கு இன்னும் முழுசாகப் புளிக்கவில்லை. அவன் இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். மீதியை அவளிடம் நீட்டினான். அவளும் ஒரு வாய் குடித்தாள். பிறகு சிரட்டையைக் கழுவினாள். அடுப்பில் பயாஜோ என்கிற பருப்பு வடை பொரிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் முன்பக்கம் ஓடினாள்.

இரண்டு மணி வாக்கில் வார்டுத் தலைவர் ஊ சான் தெய்ன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். ஒருவன் நடுவயது. மற்றவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். பேச்சு நின்றுபோனது. கூரையில் வேய்ந்த பனையோலையில் பல்லி ஓடுகிற சத்தம் கேட்டது. மின்சாரம் இல்லாததால் டெலிவிஷன் கறுப்பாக நின்றது. ரயில் கட்டைகளைப் போட்டுச் செய்த நீள மேசையின் மேல் ஆறு சிரட்டைகளும் ஒரு தட்டில் கடித்துப் போட்ட மாங்காய்த் துண்டும் இருந்தன. இராமையா கல்லாப் பக்கத்து முக்காலியிலிருந்து எழப் பார்த்தார்.

"உட்காருங்க பெரியவரே" என்றார் ஊ சான் தெய்ன் பர்மிய மொழியில். "வெயில் தாங்கலை. ஒரு வாய் குடிச்சிட்டுப் போகலாம்னு வந்தோம்."

அவர் இருபது வருடம் இந்தக் கடையில் குடித்தவர். அப்போதெல்லாம் எல்லாரும் அவரைக் கோ சான் தெய்ன் என்று கூப்பிடுவார்கள். கள் உள்ளே போனால் தமிழில் கெட்ட வார்த்தை பேசிச் சிரிக்க வைப்பார். வார்டுத் தலைவரான பிறகு கடைப்பக்கம் வருவது நின்றது. அண்ணன் முறைக் கோ போய், பெரிய மனிதருக்கான ஊ ஆனது. சிவராஜின் பேரைப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கியில் வாசித்ததும் அவர்தான். அவருடைய சிரட்டை மட்டும் ஆணியிலேயே தூசி படிந்து கிடந்தது. கழற்றிப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவர் தன் பழைய இடத்தில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "மகன்கிட்டேருந்து சேதி உண்டா?" என்று இராமையாவைக் கேட்டார்.

"போன் பண்ணி நாலு மாசமாச்சு. கோழிப் பண்ணையில வேலைன்னு சொன்னான்."

"எல்லாப் பிள்ளைகளும் கோழிப் பண்ணையிலதான் இருக்காங்க" என்றான் நடுவயதுக்காரன். "தாய்லாந்துல இவ்வளவு கோழி இருக்கும்னு நான் நினைக்கலை."

 விஜயகுமாரி பயாஜோவை எண்ணெயிலிருந்து அரித்தாள். கை தானாக வேலை செய்தது. ஒரே நினைப்புத்தான் தலைக்குள் ஓடியது. அவன் இருமக்கூடாது. காட்டில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. அவன் இருமக்கூடாது.

"என் சிரட்டை இருக்கா, இல்லை அடுப்புல போட்டுட்டீங்களா?" என்று கேட்டார் ஊ சான் தெய்ன்.

"இருக்கு சயா" என்றாள், ஐயா என்பதற்குப் பர்மியர் சொல்கிறபடி.

அதை எடுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அவருடைய சிரட்டைக்கு இரண்டு ஆணி தள்ளி, சிவராஜின் ஆணியில், கொக்குச் சிரட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஈரமாக. அதன் விளிம்பில் ஒரு துளி தண்ணீர் கனத்து, நீண்டு, மண்தரையில் விழுந்தது.

ஆறு வருடப் பழக்கம். கழுவினால் ஆணியில் மாட்டுவது. பலகையில் திருப்பிக் கவிழ்த்திருக்க வேண்டிய சிரட்டையை, எண்ணெய் காய்கிற அவசரத்தில், கை அதன் போக்கில் ஆணிக்குக் கொண்டுபோயிருக்கிறது. அவள் மெல்லக் கண்ணைத் திருப்பிக் காளியம்மன் படத்துக்குக் கீழே பார்த்தாள். பலகையில் மூன்றுதான் கவிழ்ந்திருந்தன. நாலாவது இருந்த இடத்தில், ஐந்து மாதத் தூசிக்கு நடுவே, தேய்த்து வைத்ததுபோல் சுத்தமான ஒரு வட்டம்.

கூட வந்த இருவருக்கும் அது தெரியாது. இந்தச் சுவரைப் படிக்கத் தெரிந்தவர், அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அவள் அவருடைய சிரட்டையை எடுத்துக் கழுவினாள். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கள்ளை ஊற்றி அவர் முன்னால் வைத்தபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார். பிறகு பலகையை. மறுபடி சுவரை. அதன் பிறகு சிரட்டையைத் தூக்கி மெதுவாகக் குடித்தார்.

"எங்களுக்கு?" என்று எழுந்தான் மீசையில்லாதவன். சுவரருகே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "எல்லாம் காஞ்சு கிடக்கு. ஆ, இது ஒண்ணுதான் இப்பக் கழுவியிருக்கு." கொக்குச் சிரட்டையைக் கழற்றினான்.

"அதை எடுக்காதப்பா" என்றார் இராமையா.

நாற்பது வருடமாகக் குடிகாரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. 

பையன் திரும்பினான். "ஏன்? யாருது இது?"

 அந்த ஆறு பேருக்கும் அது யாருடையது என்று தெரியும். இந்நேரம் அது ஈரமாக ஆணியில் தொங்குவதற்கு என்ன அர்த்தம் என்பதும், அந்தக் கணத்தில்தான் அவர்களுக்கு விளங்கியது. விஜயகுமாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் முகம் மாறினால்கூடப் போதும்.

"என்னுது சயா" என்றான் அந்த ஆறு பேரில் ஒருவனான கணேஷ்குமார்.

த்வாண்டேக்குப் படகு ஓட்டுகிறவன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆனதால் எந்தக் குலுக்கலும் அவனைத் தொடாது. ஜாடிகளைக் கொண்டுவருவான், திரும்பும்போது சூளைக்கு எரிக்க உமி ஏற்றிப் போவான்.

நடுவயதுக்காரன் அவன் கையைப் பார்த்தான். கணேஷ்குமாரின் கையில் நிறையக் கள்ளோடு ஒரு சிரட்டை இருந்தது.

"அப்ப இது?"

"அதுவும் என்னுதுதான். ஒண்ணு பத்தாது சயா. என் பொஞ்சாதியைக் கேட்டுப் பாருங்க, பாத்திரக்கடையையே வாங்கிட்டு வரலாம்பா."

நடுவயதுக்காரன் சிரிக்கவில்லை. ஊ சான் தெய்ன் பக்கம் திரும்பினான். "இங்கே ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னு வழியில சொன்னீங்களே."

விஜயகுமாரி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அது சுடுகிறது என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

ஊ சான் தெய்ன் சிரட்டையைக் கீழே வைத்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். "இவன் ஒருத்தனுக்குத்தான் ரெண்டு ஆணி. ரெண்டு ஆள் குடிக்கிறதைக் குடிப்பான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், திருந்தலை" என்றார்.

பையன் சிரித்தபடி சிரட்டையை அவளிடம் நீட்டினான். அவள் கள்ளைச் சாய்த்தாள். பாதி தரையில் போனது. மத்தியானம் அவனும் அவளும் வாய் வைத்த அதே விளிம்பில் அந்தப் பையன் வாய் வைத்தான். கடகடவென்று குடித்து, ஏப்பம் விட்டு, "நல்லா இருக்கு அக்கா" என்றான். சின்னப் பையன்தான். அவனையும் எங்கேயோ ஒரு மைதானத்தில் பேர் வாசித்துத்தான் கூட்டி வந்திருப்பார்கள். அந்த நினைப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நடுவயதுக்காரன் எழுந்தான். "பின்னால என்ன இருக்கு?"

"ஜாடிங்க சயா. கள்ளு ஜாடி."

"பார்க்கிறேன்."

அவன் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அவள் பின்னால் போகக் கால் எடுத்து வைத்தாள். ஊ சான் தெய்ன் விரலை லேசாக அசைத்தார். அப்படியே நின்றாள்.

உள்ளே பூட்ஸ் சத்தம் நாலு அடி கேட்டது. கைபேசி வெளிச்சம் திரையின் ஓட்டைகள் வழியாக இந்தப் பக்கம் வந்து, நகர்ந்து, நின்றது. ஜாடி ஒன்றின் மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கை அவன் இழுப்பது கேட்டது. பகல் கள் நுரைத்துக்கொண்டிருக்கும் நேரம். அந்த நேரத்தில் சாக்குக்கு அடியிலும் ஜாடி விளிம்பிலும் தேனீக்கள் அப்பிக் கிடக்கும். கடைக்காரர்கள் ஓரத்தைத் தூக்கி, ஊதி, மெதுவாகத்தான் திறப்பார்கள். அவனுக்கு அது தெரியாது. ஒரே இழுப்பாக இழுத்தான்.

உறுமல் போல ஒரு சத்தம் எழுந்தது. அவன் கத்திக்கொண்டு, முகத்தை அடித்துக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே பத்திருபது தேனீக்கள் வந்தன. பையன் மேசைக்குக் கீழே குனிந்தான். கணேஷ்குமார் தோளில் கிடந்த துண்டால் விசிறினான்.

"தொறந்த ஜாடியை யார் மூடுவா" என்று முனகிக்கொண்டே இராமையா உள்ளே போகப் பார்த்தார். பிறகு அங்கே போகக்கூடாது என்பது நினைவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

விஜயகுமாரியின் காதெல்லாம் திரைக்கு அப்பால் இருந்தது. ஜாடிகளுக்கு நடுவே, அத்தனை தேனீக்களும் கிளம்பிய இருட்டில், ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு முனகல்கூட வரவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட அந்த நேரம் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"சுண்ணாம்பு கொண்டா" என்றார் ஊ சான் தெய்ன். அவள் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தாள். நடுவயதுக்காரன் கன்னத்தில் பூசிக்கொண்டு திட்டினான். மறுபடி உள்ளே போக அவன் விரும்பவில்லை. வெளியே போய் மோட்டார் சைக்கிளருகே நின்றான். பையன் சிரட்டையை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பயாஜோவை அள்ளிக்கொண்டு வாசற்படியில் நின்றான்.

ஊ சான் தெய்ன் கடைசியாக எழுந்தார். தன் சிரட்டையைத் தானே தண்ணீரில் அலசினார். ஆணிப்பக்கம் போவார் என்று அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. காளியம்மன் படத்துக்குக் கீழே போய், பலகையில் அந்தச் சுத்தமான வட்டத்தின் மேல், சரியாக அதை மறைக்கும்படி, தன் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு தமிழில் பேசினார். உடைந்த பழைய தமிழ். முகம் மட்டும் ஏதோ விலை கேட்பவர் முகம்போல இருந்தது.

"நானும் போறேன் தங்கச்சி. எங்கேன்னு கேக்காதே. நாளைக்கு வீட்டுல இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வேற ஆளு வருவான். அவனுக்கு இந்தக் கடை தெரியாது. உக்காந்து குடிக்க மாட்டான். ஜாடியை உடைச்சுப் பார்ப்பான்."

"என்ன சொல்றீங்க?" என்றான் வாசலில் நின்ற பையன் பர்மிய மொழியில்.

"பயாஜோவுல மிளகாய் பத்தலைன்னு சொல்றேன்" என்று அவரும் பர்மிய மொழியிலேயே சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் பாலத்துச் சாலை வரை போய்த் தேய்ந்தது.  கணேஷ்குமார் கையிலிருந்த கள்ளை ஒரே மூச்சில் குடித்தான்.

"நாலரைக்கு ஓடையில நீர் வத்தும். உமி நாப்பது மூட்டை ஏத்தணும். தங்கச்சி, நாப்பத்தோராவது மூட்டையை ரெடி பண்ணு" என்றான்.

அவள் உள்ளே போனபோது சிவராஜ் அதே இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, துணியை வாயில் கடித்தபடி இருந்தான். கழுத்தில் மூன்று, கண் இமையில் ஒன்று, காதுமடலில் இரண்டு. அவள் நகத்தால் கொடுக்குகளைப் பிடுங்கினாள். 

"என்னாலதான். நான்தான் ஆணியில மாட்டினேன்" என்றாள்.

"கேட்டேன்."

"திட்டுங்களேன்."

"நான் இல்லாத அஞ்சு மாசமும் உன் கை என்னை மறக்கலைன்னு தெரிஞ்சிச்சு. அதுக்கு எப்படித் திட்டுறது?" வீங்கிய கண்ணால் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "நீயும் வா குமாரி."

அவள் திரையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மாமனார் தடவித் தடவிச் சிரட்டைகளைப் பொறுக்கும் சத்தம். "ரெண்டு பேரும் காணோம்னா இன்னைக்கே தேடுவாங்க. மாமாவை யார் கிட்ட விட? நான் இருந்தா ஊருக்கு நீங்க தாய்லாந்துல இருக்கீங்க. நான் போயிட்டா நீங்க எங்கேயும் இல்லை."

கணேஷ்குமாரின் தங்கை புஷ்பாவுக்கு த்வாண்டேயில் பானைச் சூளை. சூளைக்குப் பின்னால் வயல். அதற்கப்பால் ஆள் நடமாட்டம் குறைவு. அதற்கு மேல் யாரும் எதுவும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

மேசையிலிருந்து அவள் எடுத்து வந்திருந்த கொக்குச் சிரட்டையை அவன் கையில் எடுத்தான். "இதைக் கொண்டு போகட்டுமா?"

"வேண்டாம். இது இங்கேதான் இருக்கணும்." பிடுங்கிக்கொண்டாள். "உங்களுக்குக் குடிக்கணும்னா இங்கே வந்து குடிங்க."

நாலு மணிக்கு ஓடைக்கரையில் உமி மூட்டைகள் ஏறின. கடையில் இருந்த ஆறு பேரும் சொல்லிவைத்ததுபோலச் சுமக்க வந்தார்கள். எந்த மூட்டை எப்போது ஏறியது என்று கரையில் நின்றவர்கள் யாரும் சொல்லியிருக்க முடியாது. அவளாலும் முடியவில்லை. வழியனுப்பக் கை காட்டவும் முடியாது. குடத்தில் தண்ணீர் எடுக்க வந்தவளாக நின்று, குடத்தை நிறைத்து, கொட்டி, மறுபடி நிறைத்தாள். படகு ஓடையைத் தாண்டிப் பெரிய ஆற்றுப் பக்கம் திரும்பியது. த்வாண்டே வாய்க்கால் முகப்பில் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள் என்று யாரோ போன வாரம் கடையில் சொன்னது நினைவுக்கு வந்தது. குடம் கைதவறித் தண்ணீரில் விழுந்தது.

கடைக்குத் திரும்பி அடுப்புச் சாம்பலை எடுத்தாள். கொக்குச் சிரட்டையின் மேல் தேய்த்தாள். பழைய தூசி போல் தெரியும்வரை தேய்த்து, பலகையில் ஊ சான் தெய்னின் சிரட்டைக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். அங்கே இப்போது ஐந்து. இராமையா பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துச் சட்டத்தைக் காக்கப் பார்த்து மகனைக் காட்டிக்கொடுக்க இருந்தது அவர் முகத்தில் எழுதிக் கிடந்தது.

"வாய் முந்திடுச்சும்மா" என்றார்.

"எனக்கும் கை முந்திடுச்சு மாமா" என்றாள்.

மறுநாள் காலையில் வார்டுத் தலைவர் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் எதையும் காதில் வாங்கவில்லை. கணேஷ்குமாரின் ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விட்டு மறுநாள் வருகிறவன் என்பதால் அவன் சிரட்டையைக் கவிழ்க்கவில்லை. பத்து மணிக்கு அது ஆணியில் இருந்தது. பதினொன்றுக்கும் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒருவன் வந்து, நேற்று மாலை வாய்க்கால் முகப்பில் படகுகளை நிறுத்தி வைத்தார்களாம் என்றான்.  அடுப்பில் பருப்பு கரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்குக் கணேஷ்குமார் வந்தான். சட்டையெல்லாம் உமித்தூள். யாரையும் பார்க்காமல் நேரே சுவருக்குப் போய்த் தன் சிரட்டையைக் கழற்றினான். அவள் ஊற்றினாள். குடித்தான். மறுபடி நீட்டினான். ஊற்றினாள்.

"நாப்பத்தோரு மூட்டையும் இறக்கியாச்சு தங்கச்சி" என்றான். "பன்னெண்டு மூட்டையில கம்பி குத்தினாங்க. எல்லாத்துலயும் உமிதான் கொட்டுச்சு."

அவள் தலையாட்டினாள்.  அவன் குடித்து வைத்த சிரட்டையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு சுவரருகே போய், மாட்டுவதற்கு முன்னால், எந்த ஆணி என்று ஒருமுறை நின்று பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.